சனிப்பிணம் தனிப்போகாது: மனிதர் இரத்தக் காட்டேரியாவது எப்படி

1725 ஆம் ஆண்டு, வட செர்பியாவின் கிசிலேவோ கிராமம். பேதர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து, புதைக்கப்பட்டு, பத்து வாரமாகியிருந்தது. எட்டு நாளுக்குள் அந்த ஊரில் ஒன்பது பேர் செத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் நோய்தான். பேதர் இரவில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகக் கிடந்தவர்கள் சொன்னார்கள். அவருடைய மனைவி, புருஷன் வீடு தேடி வந்து தன் செருப்பைக் கேட்டார் என்று சொல்லி, ஊரையே விட்டுப் போய்விட்டார். ஊரார் குழியைத் தோண்டி, உடலில் கூரான மரக்கழியை இறக்கி, எரித்துச் சாம்பலாக்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்த ஒஸ்திரிய அதிகாரி எழுதிய அறிக்கை அதே ஆண்டு யூலை 21 இல் வியன்னாச் செய்தித்தாளில் வெளியானது. ஐரோப்பா வாம்பயர், அதாவது நாம் இரத்தக் காட்டேரி என்கிற நடைபிணம், பற்றிப் பேசத் தொடங்கியது ஏறத்தாழ அன்றிலிருந்துதான்.

அந்த அறிக்கையில் கழுத்தில் இரண்டு பல்துளை இல்லை. பேதரைக் கடித்து மாற்றிய இன்னொரு வாம்பயரும் அதில் வருவதில்லை. ஒரு சாவு, அதன் பின்னால் வரிசையாக இன்னும் சாவுகள்.

திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பயம் அந்நியமானதல்ல. 'சனிப்பிணம் தனிப்போகாது' என்ற பழமொழியில் இருப்பது இதே பயம். சனிக்கிழமை செத்தவர் துணை தேடுவார் என்பதால், பாடையோடு ஒரு கோழிக்குஞ்சோ முட்டையோ தேங்காயோ போகும். ஓர் உயிருக்குப் பதில் ஓர் உயிர், அல்லது உயிர் போன்ற ஒன்று. கிரேக்கத்திலும் சனிக்கிழமைக்குத் தனி இடம் உண்டு. விரிகோலாகஸ் எனப்படும் அந்நாட்டு நடைபிணம் சனிக்கிழமை மட்டும் குழியைவிட்டு எழும்பாது என்று நம்பியதால், தோண்டி அழிக்க அந்த நாளையே தேர்ந்தார்கள். பல்கேரியாவில் சனிக்கிழமை பிறந்தவருக்கு வாம்பயரைக் காணும் கண் உண்டு என்றார்கள்.

ஆகவே 'கடித்தால் மாறிவிடுவோமா?' என்று தொடங்கினால் நாட்டார் வழக்கின் பாதி நம் கைக்கு வராமலே போய்விடும். கிராமத்து வழக்கில் மனிதரை மாற்றுவது, பெரும்பாலும், முடிக்கப்படாமல் விட்ட சாவு. கடி என்பது பின்னால் நாவலும் சினிமாவும் தூக்கிப் பிடித்த வழி.

பிரேதம் என்ற இடைநிலை

சைவக் கிரியை முறையில் மூச்சு நின்றவுடன் ஒருவர் பிதிர் ஆகிவிடுவதில்லை. முதலில் பிரேதம். உடம்பு போய்விட்டது, போகுமிடம் இன்னும் கிடைக்கவில்லை, பசி மட்டும் இருக்கிறது. பத்து நாள் பிண்டமும் அந்தப் பிரேதத்துக்கு ஒரு நுண்ணுடம்பைக் கட்டிக் கொடுப்பதற்கு என்கிறது கருடபுராணம். முதல்நாள் பிண்டத்தில் தலை உண்டாகிறது. அடுத்தடுத்த நாள்களில் கழுத்தும் தோளும் மார்பும் மற்ற உறுப்புகளும். பத்தாம் நாளில் பசியும் தாகமும். சபிண்டீகரணத்தில் பிரேதத்துக்கான பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, மேலுள்ள மூன்று தலைமுறையின் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். அந்தக் கணத்தில்தான் பிரேதம் பிதிர் ஆகிறது. ஈழத்தில் இதை அந்தியேட்டியோடு 31 ஆம் நாளில் செய்வது வழக்கம்.

திருகோணமலையில் இதற்குரிய இடம் கன்னியா. நகரத்திலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் சுமார் 8 கிலோமீற்றர். தாய் இறந்துவிட்டாள் என்று கேட்ட இராவணன் அந்திமக் கிரியை செய்வதற்காக ஏழு வெந்நீர் ஊற்றுகள் அங்கே எழுந்தன என்பது ஐதிகம். ஏழு கிணறும் பக்கம் பக்கமாக இருந்தும் சூடு ஒன்றுபோல் இல்லை. கிரியைக்கு அங்கே போகிறவர்கள் செய்வது ஆறுதல் தரும் சடங்கு மட்டுமல்ல. பசித்து அலையக்கூடிய ஒருவரை நீரும் பிண்டமும் பெறும் முன்னோராக மாற்றுகிறார்கள். இந்த முறைப்படி, செத்தவர் எல்லாருமே சில நாளைக்குப் பேய்தான். ஒருவர் எப்படிப் பேயாகிறார் என்று கேட்பதைவிட, அந்த நிலையிலிருந்து ஏன் வெளியேறாமல் போனார் என்று கேட்பதே இங்கு பொருந்தும்.

இந்தக் கண்ணோடு செர்பியா, பல்கேரியா முதலிய பால்கன் நாட்டுக் கிராமங்களைப் பார்த்தால் அவர்களுடைய காரணங்கள் சட்டென்று விளங்கும். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர், தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர், கொலையுண்டவர், திருச்சபையால் விலக்கப்பட்டவர், பாதிரியார் இல்லாமல் புதைக்கப்பட்டவர். கிடத்தியிருக்கும் பிணத்தைப் பூனை தாண்டினாலும் போச்சு. அதனால் உடலைத் தனியே விடாமல் இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். பிறப்பிலேயே குறி விழுந்தவர்களும் உண்டு: பனிக்குடச் சவ்வு தலையில் போர்த்தபடி பிறந்த பிள்ளை, பல்லோடு பிறந்த பிள்ளை, ருமேனியாவில் ஏழாவது பிள்ளை. ஆத்மா நாற்பது நாள் வீட்டைச் சுற்றும் என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கில் முப்பத்தொன்று. காலக்கெடு என்ற எண்ணம் அங்கே எவ்வளவு ஆழம் என்றால், பால்கன் நாடோடி மக்கள் சிலரிடம் பத்து நாளுக்கு மேல் வெட்டாமல் வைத்த பூசணிக்காய்கூட வாம்பயர் ஆகும் என்ற நம்பிக்கை பதிவாகியிருக்கிறது. அதது அததன் காலத்தில் முடியவேண்டும். முடியாதது கெடும்.

செத்தவீட்டுச் சின்ன வேலைகளையும் இங்கே சொல்லவேண்டும். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதையும் நாடிக்கட்டுப் போடுவதையும் உடல் விறைக்குமுன் முடித்துவிட வேண்டும். விறைப்பு இரண்டு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கும்; முதலில் தெரிவது தாடையிலும் முகத்திலும். நாடியைக் கட்டாமல் விட்டால் வாய் திறந்தபடியே இறுகிவிடும், பிறகு மூட முடியாது. பார்ப்பவருக்கு அது பேச வருகிற முகம். வட ஜேர்மனியில் அப்படித் திறந்த வாய், குழிக்குள் கிடந்து சவச்சீலையை மெல்லுகிற பிணம் என்ற நம்பிக்கையாக வளர்ந்தது. மெல்லாமல் இருக்க வாயில் கல்லோ நாணயமோ வைத்தார்கள். சுடலையில் கொள்ளிக்குடத்தோடு மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு துளை, குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பது. இவை எல்லாம் செத்தவருக்கு 'இனி வழி அங்கே' என்று சொல்கிற வேலை.

அவிட்டம் முதல் ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் நேர்ந்த சாவுக்கு இன்னும் கடுமையான முறை. வாசல் வழியே எடுக்காமல் சுவரை இடித்தோ கூரையைப் பிரித்தோ வழி எடுப்பது பழைய வழக்கம். ஐஸ்லாந்தின் பழங்கதைகளிலும் பொல்லாத மனிதன் ஒருவன் செத்ததும் வீட்டுச் சுவரைப் பிளந்து அவன் உடலை வெளியே கொண்டுபோகிறார்கள். செத்தவருக்குத் தான் வெளியேறிய வழி மட்டுமே தெரியும், அந்த வழியை மூடிவிட்டால் திரும்ப முடியாது என்பது அங்கே காரணம்.

கொழுத்த பிணமும் வற்றிய பேயும்

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் நம் பேய் வாம்பயர் ஆகவில்லை. காரணம் உடம்பு. வாம்பயர் என்பது ஆவி அல்ல. செத்தவருடைய சொந்த உடலே எழுந்து வருவது. உடல் குழிக்குள் கிடந்தால்தான் அது நடக்கும். சுடலையில் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தபின் எழும்புவதற்கு என்ன இருக்கிறது? பசியும் ஆசையும்தான் மிச்சம். அவை இன்னொருவர் உடம்பில் ஏறவேண்டும். அதனால்தான் இங்கே பேய் 'பிடிக்கிறது'. அதை இறக்கக் கழிப்புக் கழிக்கிறார்கள். வேதாளமும் அப்படியே. அது அயலான் பிணத்துக்குள் குடிபுகுந்து முருங்கை மரத்தில் தொங்குகிறது. அந்தப் பிணத்துக்குரிய மனிதர் வேதாளமாக மாறவில்லை, அவர் உடல் குடியிருப்பாயிற்று.

தோற்றத்திலும் இது தெரிகிறது. காரைக்காலம்மையார் பாடிய பேய், 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்றுப்' பேய். வற்றியது, வயிறு ஒட்டியது, எப்போதும் பசித்தது. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களையும் குருதியையும் கொண்டு கூழடுகிற பேய்களும் பட்டினி கிடந்து வந்தவையே. பால்கன் வாம்பயர் இதற்கு நேரெதிர்: ஊதிப்போன உடம்பு, செக்கச் சிவந்த முகம், வாயில் வழியும் இரத்தம். குடித்து நிறைந்தவர். சினிமா காட்டும் வெளிறிய, மெலிந்த பிரபு இரண்டிலும் சேர்த்தியில்லை.

அந்த ஊதலும் சிவப்பும் கற்பனையில் பிறந்தவை அல்ல. குழியைத் தோண்டியவர்கள் கண்ணால் கண்டவை. குடலில் பெருகும் வாயு வயிற்றை உப்பவைக்கும். அதே அழுத்தம் நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்பு நீரை மூக்குக்கும் வாய்க்கும் தள்ளும். மேல்தோல் கழன்று அடியில் புதுத்தோல் போன்ற சிவந்த படலம் தெரியும். நகம் உதிர்ந்த இடத்தில் நகக்கண் புதுநகம் போலிருக்கும். தோல் சுருங்குவதால் முடியும் தாடியும் வளர்ந்ததாகத் தோன்றும். உறைந்த இரத்தம் மீண்டும் இளகுவதும் உண்டு. மரக்கழியை நெஞ்சில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்று தொண்டைவழி பாய்ந்து முனகலாகக் கேட்கும். அறிக்கைகளில் வாம்பயர் 'கத்தினார்' என்று வருவது இதனால். இவற்றை ஒன்றொன்றாகப் பொருத்திக் காட்டிய முக்கியமான ஆய்வு, போல் பார்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988 இல் வெளியிட்டது. அந்த ஊரார் பொய் சொல்லவில்லை, மூடர்களும் அல்ல. பார்த்ததைச் சரியாகச் சொன்னார்கள், காரணத்தில் பிழைத்தார்கள்.

காலநிலைக்கும் இதில் பங்கு உண்டு. திறந்தவெளியில் ஒரு வாரத்தில் ஆகும் சிதைவு, நீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் எடுக்கும் என்பது சட்டமருத்துவத்தின் பழைய கணக்கு. செர்பியக் குளிர்காலத்தில் அது இன்னும் மெதுவாகும். 'இரண்டு மாதமாகியும் பிணம் கெடவில்லை' என்ற ஆச்சரியத்துக்கு அங்கே இடம் இருந்தது. முப்பது பாகை வெயிலில், ஓரிரு நாளுக்குள் அடக்கத்தை முடிக்கும் நம் கரையில் அந்த ஆச்சரியம் பிறக்க வழியில்லை. சவக்காலையும் மையவாடியும் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் ஒரு கொள்ளைநோய்க்குப் பிறகு ஊரே திரண்டு குழிகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. திறக்காத குழியில் வாம்பயர் இல்லை.

கெடாத உடல் எதைக் காட்டுகிறது என்பதிலும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. கோவாவில் வைக்கப்பட்டிருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கத்தோலிக்கருக்குப் புனிதத்தின் அடையாளம். கிரேக்க மரபுவழித் திருச்சபையினர் சில ஆண்டுகள் கழித்து எலும்பெடுக்கக் குழியைத் திறக்கும்போது உடல் கரையாமல் இருந்தால், அது பாவத்தின் அடையாளம், சாபத்தின் அடையாளம். பாதிரியார் பாவமன்னிப்பு மந்திரம் வாசிக்கவேண்டும்.

மருந்தே நோயானது

தொற்று என்ற எண்ணம் தெளிவாக நுழைவது மெத்வேஜா என்ற இன்னொரு செர்பியக் கிராமத்தில். 1718 உடன்படிக்கையின்படி அந்தப் பகுதி துருக்கியரிடமிருந்து ஒஸ்திரியாவுக்குக் கைமாறியிருந்தது. எல்லைக் கிராமத்து வழக்கங்களை வெளியூர் இராணுவ வைத்தியர்கள் கடதாசியில் எழுதியது அதனால்தான். இல்லையென்றால் இந்தக் கதைகள் ஊரோடு போயிருக்கும்.

ஆர்னோட் பாவ்லே என்பவர் அந்த ஊரில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தவர். துருக்கியர் ஆண்ட பக்கத்தில் இருந்தபோது ஒரு வாம்பயர் தன்னை வாட்டியதாகவும், விடுபட அதன் குழிமண்ணைத் தின்று, அதன் இரத்தத்தை உடலில் பூசிக்கொண்டதாகவும் உயிரோடு இருக்கையில் சொல்லியிருந்தார். செத்து இருபது முப்பது நாளில் அவர் வருகிறார் என்ற முறைப்பாடு. நான்கு பேர் சாவு. நாற்பதாம் நாள் தோண்டிக் கழியிறக்கி எரித்தார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு, மூன்று மாதத்தில் பதினேழு பேர் சாக, 1732 யனவரியில் இராணுவ வைத்தியர் யொஹான் புளுக்கிங்கர் குழிகளைத் திறந்து அறிக்கை எழுதினார்.

அதில் மாறுவதற்கு மூன்று வழி தென்படுகிறது. வாம்பயரால் வதைபட்டுச் செத்தவர் வாம்பயர் ஆவார். வாம்பயர் தாக்கிய கால்நடையின் இறைச்சியைத் தின்றவரும் ஆவார்; மிலிட்சா என்ற மூதாட்டி அப்படிப்பட்ட ஆட்டிறைச்சி தின்றவர். மூன்றாவதுதான் மனதை உலுக்குவது. ஸ்தானா என்ற இருபது வயதுப் பெண், பிள்ளைப்பேற்றில் செத்தவர், காப்புக்காக முன்பு வாம்பயர் இரத்தத்தைப் பூசியிருந்தார். அந்தக் காப்பே அவரையும் பிறந்தவுடன் இறந்த சிசுவையும் வாம்பயராக்கும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. பாவ்லேயைத் தப்பவைக்க வேண்டிய அதே மருந்து அவரையும் வாம்பயராக்கியது. பின்னாளில் நாவல்கள் கட்டிய 'இரத்தம் மாறுதல்' விதிக்கு இதைவிட நல்ல மூலம் எங்கும் இல்லை.

1755 இல் ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தன் வைத்தியர் கெராட் வான் ஸ்வீட்டனின் அறிக்கையை ஏற்று, பிணங்களைத் தோண்டி எரிப்பதைத் தடைசெய்தார். ஆனால் பயம் அரசாணைக்கு அடங்கவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892 மார்ச்சில் மேர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலைத் தோண்டி, இதயத்தையும் ஈரலையும் எரித்து, சாம்பலை நீரில் கலந்து நோயாளி அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த வீட்டைத் தின்றது சயரோகம். அண்ணனும் இரண்டு மாதத்துக்குள் இறந்தார். மேர்சி செத்தது யனவரிக் குளிரில். உடல் கெடாமல் இருந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நாவல் கொண்டுவந்த கடி

1819 இல் பொலிடோரி எழுதிய கதையில் வாம்பயர் பிரபுவானார், ஊர்ப் பிணம் இல்லை. அவர் நிலவொளி பட்டு உயிர்த்தெழுகிறார். மற்றவரை மாற்றுவது பற்றிப் பேச்சில்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897 இல் வந்தபோதுதான் விதிகள் இறுகின. வாம்பயருக்கு இரையாகிச் செத்தவர் வாம்பயராக எழுவார். அதில் வரும் லூசி என்ற பெண் ஒரே இரவில் மாறுவதில்லை. பல இரவு இரத்தம் இழக்கிறாள், நான்கு ஆண்கள் இரத்தம் கொடுத்தும் செத்து, பிறகு எழுகிறாள். மனித இரத்த வகைகளைக் கார்ல் லான்ட்ஸ்ரெய்னர் கண்டது 1901 ஆம் ஆண்டளவில். அதற்கு முந்திய எந்த இரத்தமேற்றலும் குருட்டுப் பந்தயம். லூசியின் தோழி மீனாவுக்கு வேறு வழி: டிராகுலா தன் இரத்தத்தை அவளைக் கட்டாயமாகக் குடிக்கவைக்கிறார். அவள் சாகுமுன் டிராகுலா அழிந்ததால் மாற்றம் நின்றுவிடுகிறது. டிராகுலாவை யாரும் கடித்ததாக நாவலில் இல்லை. அவர் மலைக்குள் பிசாசு நடத்திய கல்விக்கூடத்தில் படித்தவர். பத்து மாணவரில் பத்தாமவர் பிசாசுக்குக் கூலி.

வெயிலில் சாவது நாவலில் கிடையாது. டிராகுலா பகலில் இலண்டன் வீதியில் நடக்கிறார். அது 1922 இன் ஜேர்மன் மௌனப்படத்தில் வந்த விதி. 1954 இல் ரிச்சர்ட் மத்தேசன் என்ற நாவலாசிரியர் காரணத்தைக் கிருமியாக்கினார். 1976 இல் ஆன் ரைஸ் என்ற நாவலாசிரியை இன்று பெரும்பாலானோர் கைக்கொள்ளும் முறையை நிலைநாட்டினார்: சாகும் விளிம்புவரை இரத்தத்தை எடுத்து, பிறகு வாம்பயரின் இரத்தத்தைக் குடிக்கக் கொடுப்பது. கடி மட்டும் என்றால் சாவு. இரத்தம் திரும்பக் கிடைத்தால் மாற்றம்.

இந்த இரட்டைப் படி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். கடிபட்டவர் எல்லாரும் மாறுவார், ஒவ்வொருவரும் மாதம் ஒருவரைக் கடிப்பார் என்று வையுங்கள். மாதாமாதம் தொகை இரட்டிக்கும். திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 380,000 பேர். பதினெட்டாம் மாதம் 262,144 வாம்பயர். பத்தொன்பதாம் மாதம் முடியுமுன் கடிக்க ஆளில்லை. முழு உலகுக்கும் முப்பத்துமூன்று மாதம் போதும். எளிய கடி விதியை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. மாற்றத்தை அரிதாக்க ஒரு தடை வேண்டும்: வாம்பயரின் விருப்பம், இரத்தப் பரிமாற்றம், அல்லது பலர் இடையிலேயே சாவது.

அளவிலும் பிழைப்பார்கள். வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம். இரண்டு லீற்றர் போனாலே சிகிச்சையின்றிப் பிழைப்பது கடினம். குடிப்பவர் வயிறோ ஒன்று, ஒன்றரை லீற்றரில் நிறைந்துவிடும். ஒரே மூச்சில் 'உறிஞ்சி வற்றவைத்தல்' உடலுக்கு ஒவ்வாது. ஸ்டோக்கர் பல இரவு எடுத்துக்கொண்டது நல்ல முடிவு.

பிள்ளைப்பேற்றில் செத்தவள்

நம் கடற்பரப்பைச் சூழ்ந்த நாடுகளில் இரத்தம் தேடும் இறந்தவர் என்றால் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றில் செத்த பெண். மலாய் நாட்டு லங்சுயர் அப்படிப்பட்டவள். அவள் எழாமல் இருக்கப் பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளையும், இரு கமுக்கட்டிலும் ஒவ்வொரு முட்டையையும், உள்ளங்கைகளில் ஊசிகளையும் வைத்தார்கள். வாய் திறந்து கூவ முடியாது. முட்டை உடையும் என்பதால் கையை வீசிப் பறக்க முடியாது. எழுந்துவிட்டாலும் மீட்க வழி உண்டு: பிடித்து நகத்தையும் நீண்ட கூந்தலையும் வெட்டி, கழுத்தின் பின்புறத் துளையில் அடைத்துவிட்டால் சாதாரணப் பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள். ஊர்க் கொண்டாட்டத்தில் ஆடவிட்டால் மட்டும் பழைய உருவம் திரும்பிவிடும்.

ஈழத்தில் பிள்ளைப்பேற்றுத் துடக்கோடு வரும் இரத்தத்தை நாடுவது கொத்திப்பேய். அதை அகற்றுவது மருத்துவிச்சியின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கருவோடு செத்த பெண்ணுக்குத் தமிழர் எழுப்பிய சுமைதாங்கிக் கல்லைவிட இரக்கமான மறுமொழியை வேறெங்கும் காணமுடியவில்லை. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி ஆறும்போதெல்லாம் அவள் வயிற்றுச்சுமை குறைகிறது. ஊசி குத்திக் கட்டிப்போடாமல், அவளுடைய குறையைத் தீர்த்து அனுப்பும் வழி அது.

கொலையுண்டு பேயான பழையனூர் நீலி வேறு வகை. அவள் இரத்தம் தேடவில்லை, தன்னைக் கொன்ற கணவனைத் தேடினாள்; அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீப்பாய்ந்தார்கள். நீலிக்கண்ணீர் என்று இன்றும் சொல்கிறோம். காரைக்காலம்மையார் இவர்கள் எவரோடும் சேரார். சாகாமலே, வரமாகக் கேட்டு, தசையின் அழகை உதறிப் பேய்வடிவு பெற்றவர் அவர். விரும்பிப் பேயானவர் என்று பார்த்தால் ஐரோப்பியக் கதைகளில் அவருக்கு இணை இல்லை. அங்கே விருப்பம் பிசாசோடு செய்த ஒப்பந்தம், இங்கே அது அன்பு.

வாம்பயரை 'இரத்தக் காட்டேரி' என்று பெயர்த்ததில் ஒரு குழப்பமும் உண்டு. காட்டேரி பலி ஏற்றுக் காவல் நிற்கும் தெய்வமாகவும் வணங்கப்படுகிறவள். கடித்து ஆள் சேர்ப்பது அவள் வழக்கில் கிடையாது.

காப்புமுறைகளிலும் விதை ஒன்று பொதுவாக நிற்கிறது. ஐரோப்பியர் குழியில் கசகசாவும் தினையும் தூவினார்கள். வாம்பயர் ஒவ்வொன்றாக எண்ணாமல் நகராது, எண்ணி முடியுமுன் விடிந்துவிடும். புறநானூறு 281 இல், புண்பட்ட வீரனைப் பேய் தொடாமல் காக்க, அரிசில்கிழார் சொல்லும் பட்டியல்: வீட்டில் இரவ இலையும் வேம்பும் செருகுவது, மையிடுவது, ஐயவி என்ற வெண்சிறுகடுகைச் சிதறுவது, ஆம்பல் ஊதி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்புவது. அங்கே காவல், செத்தவரிடமிருந்து அல்ல. இன்னும் சாகாதவர் பேய்க்கு இரையாகிவிடாமல் இருக்க.

உடலில்லாத சாவு

எல்லாம் கிரியையில் தங்கியிருக்கிறது என்றால், உடல் கிடைக்காதவருக்கு என்ன வழி? கடலும் போரும் 2004 ஆழிப்பேரலையும் கொண்டுபோனவர்கள் உள்ள இந்தக் கரையில் இது நூல்களுக்குள் அடங்கும் கேள்வி அல்ல. பழைய நூல்கள் விடை வைத்திருக்கின்றன. தர்ப்பையாலும் 360 பலாச இலைக்காம்புகளாலும் ஒரு பாவை செய்து, உறுப்புக்கு இத்தனை என்று பங்கிட்டு, அதை உடலாகக் கருதி எரித்து, மற்றக் கிரியைகளைத் தொடர்வது. அப்படிச் செய்தபின் அவர் பிரேதமாக அலையவேண்டியதில்லை. நம்பிக்கையைக் கைவிட மனமில்லாத வீடுகள் அந்தப் பாவையைச் செய்யத் தயங்குவதும் அதனால்தான். செய்தால் அவர் செத்தவர்.

அப்படி எரித்த பிறகு ஆள் உயிரோடு வந்து நின்றால்? அதற்கும் தருமநூல்களில் முறை உண்டு. அவரை நெய் நிறைந்த பாத்திரத்தில் இறக்கி எடுத்து, நீராட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சாதகருமம் முதல் எல்லாவற்றையும் மீண்டும் செய்து, தன் மனைவியையே மறுபடி மணம் முடிக்கவேண்டும். கிரேக்கத்திலும் அப்படித் திரும்பியவரைக் கழுவி, சிசுவைப்போல் துணியில் சுற்றினார்கள் என்கிறார் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக். உரோமில் வெளியூரில் செத்ததாகச் செய்தி வந்த ஒருவர் திரும்பினால், அவரை வாசலால் உள்ளே விடவில்லை, கூரைவழியே இறக்கினார்கள்.